அடுத்த படத்துக்கு எப்படிப் போகிறீர்கள்?

பள்ளியில் திடல்தடப் போட்டி முடிந்த மறுநாள், ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் தலையில் ஒரு வேலை விழும். மூன்று கேமராக்கள், நாலைந்து கைப்பேசிகள் ஆகியவற்றிலிருந்து வந்து சேர்ந்த படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் கிடக்கும். 1,200 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 40 படங்கள் ஆண்டிதழுக்கு வேண்டும், 10 படங்கள் அறிவிப்புப் பலகைக்கு வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். வேலை யார் தலையில் விழும் என்பதில் பெரிய மர்மம் இல்லை. அறிவியல் ஆசிரியருக்குக் கணினியும் தெரியும் என்பது எல்லாப் பள்ளிகளிலும் நிலவும் அசைக்க முடியாத நம்பிக்கை.

இந்த வேலையைப் பெரும்பாலோர் எப்படிச் செய்கிறார்கள்? கோப்புறையைத் திறக்கிறார்கள். சிறுபடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. முதல் சிறுபடத்தை மவுஸால் இரண்டு முறை சொடுக்குகிறார்கள். படம் பெரிதாகத் திறக்கிறது. பார்க்கிறார்கள். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடிச் சொடுக்கி மூடுகிறார்கள். மீண்டும் கோப்புறை. எந்தப் படத்தில் விட்டோம் என்று ஒரு கணம் தேடல். பிறகு அடுத்த சிறுபடம், மறுபடி இரண்டு சொடுக்கு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு படத்தைப் பார்த்து முடிவெடுக்க 3 விநாடி போதும் என்றால், 1,200 படங்களுக்கு 3,600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். மூடுவது, தேடுவது, திறப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் படத்துக்கு 5 விநாடி போனால் 6,000 விநாடி, அதாவது 100 நிமிடம். பார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகும் நேரம் அதிகம்.

இதனால் நேரம் மட்டும் வீணாகிறது என்றால் நான் இதைப் பற்றி எழுத மாட்டேன். நானூறாவது படத்திலேயே மனிதர் களைத்துப் போகிறார். "இதுவரை எடுத்ததே போதும்" என்று நிறுத்திவிடுகிறார். கோப்புறையில் படங்கள் நேர வரிசையில் இருக்கும். காலையில் நடந்த அணிவகுப்பும் 100 மீட்டர் ஓட்டமும் முதலில் வரும். மதிய வெயிலில் திடலின் மூலையில் நடந்த குண்டு எறிதலும் நீளந்தாண்டுதலும் பின்னால் வரும். ஆக, ஆண்டிதழில் வேகமாக ஓடும் பிள்ளைகளே வருகிறார்கள். மூலையில் குண்டு எறிந்த மாணவி எத்தனை ஆண்டு எறிந்தாலும் வருவதில்லை. யாரும் அவளை ஒதுக்கவில்லை. அவள் 870ஆவது படத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

நம் பள்ளிகளின் புகைப்பட மன்றங்களில் படத்தின் ஒளியைக் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, வண்ணத்தைச் சரிசெய்வது எல்லாம் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எப்படிப் போவது என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அதெல்லாம் ஒரு பாடமா என்று கேட்கிறார்கள். பாடந்தான் என்பது என் கருத்து. அதுவும் அறிவியல் பாடம். ஏனென்று சொல்கிறேன்.

முதலில் கையைப் பற்றி. 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கை ஓர் இலக்கைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். இலக்கு தூரமாக இருந்தால் நேரம் கூடும். இலக்கு சிறிதாக இருந்தாலும் கூடும். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் கூடுகிறது. இலக்கின் அகலம் பாதியானாலும் அதே அளவு கூடுகிறது. மவுஸின் முனையைத் திரையின் நடுவிலிருந்து மூலையில் உள்ள சின்னஞ்சிறு பெருக்கல் குறிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் இந்த விதிக்கு நாம் வரி கட்டுகிறோம். விசைப்பலகையின் அம்பு விசைமேல் விரல் ஏற்கெனவே இருக்கிறது. தூரம் பூச்சியம். படத்தை ஒரே ஒரு முறை திறந்துவிட்டு, அதன்பின் மூடாமல், வலது அம்பு விசையை அழுத்திக்கொண்டே போகலாம். விண்டோஸுடன் வரும் சாதாரணப் படங்காட்டியிலேயே இது முடியும். இதைத் தெரியாதவர்கள் இருக்கிறார்களா என்று நினைக்காதீர்கள். ஏராளமாக இருக்கிறார்கள். பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

கையைவிடக் கண்ணின் கதை சுவையானது. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மேசைமேல் பத்துப் பன்னிரண்டு பொருள்களைப் பரப்புங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் அசையாமல் சாய்த்து வைத்து ஒரு படம் எடுங்கள். ஓர் அடிக்கோலை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் கணினியில் போட்டு, பொருள்களை முன்பின் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து, அம்பு விசையால் இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போகச் சொல்லுங்கள். அடிக்கோல் இருந்த இடம் கண்ணைக் குத்தும். தேடவே வேண்டாம்.

இப்போது சோதனையைக் கொஞ்சம் மாற்றுங்கள். அடிக்கோலுக்குப் பதில் வேறொரு பொருளை எடுங்கள். முதல் படம் எடுத்ததும் லென்ஸைக் கையால் மூடி ஒரு கருப்புப் படம் எடுங்கள். பிறகு பொருளை நீக்கிவிட்டு மூன்றாவது படம். இப்போது ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நடுவில் ஒரு கணம் திரை கருப்பாகும். வேறு எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்த ஆள் திணறுவார். முன்னும் பின்னும் பல முறை போய்வந்து, ஒவ்வொரு பொருளாக எண்ணிப் பார்க்கத் தொடங்குவார். படிவம் இரண்டு மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டினால் வகுப்பு முழுவதும் ஒரே சத்தமாகிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கைப்பேசி சற்று நகர்ந்தாலும் சோதனை கெட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த விளைவை முறையாக ஆராய்ந்து 1997இல் வெளியிட்டவர் ரொனால்ட் ரென்சிங்க். அவரும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு படங்களுக்கு நடுவே 80 மில்லிவிநாடி வெற்றுத் திரையைக் காட்டினார்கள். அது விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறு இடைவெளியே, படத்தில் இருந்த பெரிய மாற்றங்களைக்கூடப் பார்ப்பவர்களின் கண்ணிலிருந்து மறைக்கப் போதுமானதாக இருந்தது. காரணம் இதுதான்: இடைவெளி இல்லாதபோது, மாறிய இடத்தில் மட்டும் ஓர் அசைவு தோன்றுகிறது, அசைவு கவனத்தை இழுக்கிறது. நடுவில் திரை வெறுமையானால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அசைவு ஏற்படுகிறது. உண்மையான மாற்றம் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. அதன்பின் நினைவை மட்டும் நம்பி ஒப்பிட வேண்டியிருக்கிறது. நம் நினைவோ ஒரு காட்சியை முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

படத்தை மூடி, கோப்புறைக்குத் திரும்பி, அடுத்ததைத் திறப்பவர் அந்த 80 மில்லிவிநாடிக்குப் பதில் 5 விநாடி இடைவெளி விடுகிறார். முந்தைய படத்தில் யார் கண் மூடியிருந்தது, எதில் கொடி நன்றாக விரிந்திருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இடைவெளியில்லாமல் படம் மாற்றுவதன் பயனை வானியலாளர்கள் கணினி வருவதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லோவெல் வானாய்வகத்தில் கிளைட் டோம்போ என்ற இளைஞருக்கு ஒரு சலிப்பூட்டும் வேலை கொடுக்கப்பட்டது. வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கண்ணாடித் தகடுகளில் படமெடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, இடம் மாறிய புள்ளி ஏதாவது உண்டா என்று தேட வேண்டும். ஒரு தகட்டில் லட்சக்கணக்கான விண்மீன்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆயுள் போதாது. அவரிடம் இருந்த கருவி, இரண்டு தகடுகளின் ஒரே இடத்தை ஒரே கண்ணாடி வழியாக மாற்றி மாற்றிக் காட்டியது. விண்மீன்கள் அசையாமல் நிற்கும். இடம் மாறியது மட்டும் அங்கும் இங்கும் குதிக்கும். 1930 ஜனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த தகடுகளை அவர் பிப்ரவரி 18 அன்று ஒப்பிட்டபோது ஒரு மங்கலான புள்ளி குதித்தது. அதுதான் புளூட்டோ. அதைக் கோள் பட்டியலிலிருந்து 2006இல் எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அதற்காக டோம்போவின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அப்போது வயது 24.

நம் நாட்டுக் காடுகளிலும் இதே வேலை நடக்கிறது. மலாயாப் புலிகளைக் கணக்கெடுக்க மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைக்கிறார்கள். எது கடந்து போனாலும் அவை படம் எடுக்கும். புலியைவிடப் பன்றியும் மானும்தான் அதிகம் விழும். காற்றில் ஆடிய இலைகூட விழும். அந்தக் குவியலிலிருந்து புலிப் படங்களைப் பிரித்து, ஒவ்வொரு புலியையும் அதன் வரிகளை வைத்து அடையாளம் காண வேண்டும். நம் கைரேகைபோல ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இல்லை. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட ஒன்றாக இருப்பதில்லை. அதனால் இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்ப மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொன்னது. எண்ணிக்கை இவ்வளவு குறைந்துவிட்ட நிலையில், ஒரே புலியை இரண்டாக எண்ணினாலும் இரண்டை ஒன்றாக எண்ணினாலும் பிழை சிறியதல்ல. இந்த வேலைக்கு நாளை போகப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மறுபடியும் நம் மடிக்கணினிக்கு வருவோம். அம்பு விசையை அழுத்தியும் அடுத்த படம் உடனே வரவில்லை, திரை கருத்து நிற்கிறது அல்லது மங்கலாக வந்து பிறகு தெளிகிறது என்றால் என்ன செய்வது? ஏன் அப்படி ஆகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000 புள்ளி உள்ள ஒரு படத்தில் மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஆக 7 கோடியே 20 லட்சம் எண்கள். ஜேபெக் கோப்பாக வட்டில் கிடக்கும்போது இது சுருக்கப்பட்டிருப்பதால் சிறியதாகத் தெரிகிறது. நாம் விசையை அழுத்தியதும் கணினி அதை விரித்தாக வேண்டும். ரா கோப்பு என்றால் வேலை இன்னும் கூடுதல். கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்ணத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்தெடுக்க வேண்டும்.

நல்ல மென்பொருள்கள் இதற்கு இரண்டு தந்திரங்களைக் கையாளுகின்றன. நாம் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை விரித்துத் தயாராக வைத்துக்கொள்வது ஒன்று. ரா கோப்புக்குள் கேமராவே ஒட்டி வைத்திருக்கும் ஜேபெக் படத்தை எடுத்துக் காட்டிவிடுவது மற்றொன்று. செய்திப் படக்காரர்கள் பலர் பயன்படுத்தும் ஃபோட்டோ மெக்கானிக் இந்த இரண்டாவது வழியால்தான் அவ்வளவு வேகமாக இருக்கிறது. லைட்ரூம் வைத்திருப்பவர்கள், படங்களை உள்ளே எடுக்கும்போதே முழு அளவு முன்னோட்டங்களை உருவாக்கச் சொல்லிவிட்டு ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு டிஜிகேம் இருக்கிறது, சாதாரணக் கணினிக்கு இர்ஃபான்வியூ இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் படங்களை முதலில் கணினியின் உள்வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். நினைவட்டையை அட்டைப்படிப்பானில் செருகி அதிலிருந்தே பார்ப்பதும், பழைய வெளிவட்டிலிருந்து பார்ப்பதும் இடைவெளியை நாமே விலைகொடுத்து வாங்குவது.

பெரிதாக்கிப் பார்ப்பதிலும் இதே கதைதான். குழுப் படங்களை எட்டு, பத்து என்று எடுத்திருப்போம். இரண்டாம் வரிசையில் இருக்கும் ஒரு பையன் எதில் கண் திறந்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும். அவன் முகத்தைப் பெரிதாக்கிவிட்டு அம்பு விசையை அழுத்தினால், அடுத்த படமும் அதே இடத்தில், அதே அளவில் தெரிய வேண்டும். சில மென்பொருள்கள் ஒவ்வொரு முறையும் முழுப் படத்துக்குத் திரும்பிவிடும். அமைப்புகளில் தேடினால் பெரும்பாலும் இதை மாற்ற வழி இருக்கும். மாற்ற முடியாவிட்டால் மென்பொருளை மாற்றுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டோம்போவின் கருவி தகட்டுக்குத் தகடு வேறு இடத்தைக் காட்டியிருந்தால் புளூட்டோ கிடைத்திருக்காது.

வரிசையைப் பற்றி இரண்டு வார்த்தை. கேமராக்கள் கோப்புகளுக்கு 9999 வரை எண் கொடுத்துவிட்டு மறுபடி 0001இலிருந்து தொடங்கும். பெயர் வரிசையில் பார்த்தால் மதியம் எடுத்த படம் காலைப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும். எடுத்த நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். பல கேமராக்கள் இருந்தால் போட்டிக்கு முன்பே எல்லாவற்றின் கடிகாரத்தையும் ஒன்றாக வையுங்கள். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் கோப்பிலிருந்து போய்விடும், படமும் சுருங்கிவிடும். ஆசிரியர்களிடம் கெஞ்சியாவது மூலக்கோப்பையே வாங்குங்கள்.

இனி முடிவெடுப்பது. முதல் சுற்றில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது இருக்கட்டுமா, வேண்டாமா? நட்சத்திரம் கொடுப்பது, வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் அப்போது வேண்டாம். தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதை 1952இலேயே வில்லியம் ஹிக் காட்டிவிட்டார். லைட்ரூம் கிளாசிக்கில் 'பி' விசை வைத்துக்கொள்ளும், 'எக்ஸ்' விசை ஒதுக்கும். கேப்ஸ் லாக்கை அழுத்தி வைத்துவிட்டால், குறி இட்டதும் அடுத்த படம் தானாகவே வந்துவிடும். விரல் அங்கிருந்து நகர வேண்டியதில்லை. ஒளி திருத்தும் வேலை பிறகு வரும்போது, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் ஒன்றைத் திருத்தி அதையே மற்றவற்றுக்கும் பதிக்கலாம். முதல் சுற்றிலேயே ஒரு படத்தைத் திருத்த உட்கார்ந்தவர், பதினைந்து நிமிடம் கழித்து அதைவிட நல்ல படம் மூன்று படம் தள்ளி இருப்பதைப் பார்த்து நொந்துகொள்வார்.

"இவ்வளவு வேகமாகப் பார்த்தால் படத்தை ரசிப்பது எப்போது?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாம் சுற்றில் ரசிக்கலாம். 1,200 என்பது 150ஆகக் குறைந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுத்தாலும் ஒரு மணி கால் நேரந்தான் ஆகும். வேகம் அந்த நிதானத்துக்கு இடம் ஒதுக்கத்தான்.

இன்னொரு கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. செயற்கை நுண்ணறிவே நல்ல படங்களைப் பொறுக்கித் தருகிறதே, மனிதன் எதற்கு? கண் மூடியிருக்கிறதா, படம் மங்கலா என்பதை அது கண்டுபிடிக்கும். நானும் அந்த உதவியை ஏற்றுக்கொள்வேன். ஆனால் எது நல்ல படம் என்பதைப் படத்தை மட்டும் பார்த்து அது சொல்கிறது. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளை, சென்ற ஆண்டு காலில் கட்டுப்போட்டுக்கொண்டு திடலோரம் உட்கார்ந்திருந்தாள் என்பது அதற்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

புகைப்பட மன்றத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டின் முதல் கூட்டத்துக்குக் கேமராவே வேண்டாம். 200 படங்கள் உள்ள ஒரு கோப்புறையைக் கொடுங்கள். மவுஸ்களைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் 20 படம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் கையைப் பிசைவார்கள். பத்தாவது நிமிடத்தில் அம்பு விசையின் தாளம் பிடிபட்டுவிடும். அந்தக் கோப்புறையில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டு படங்களை அடுத்தடுத்து ஒளித்து வையுங்கள். வேறுபாட்டை யார் முதலில் சொல்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது சுற்று ஒன்று உண்டு. இதைப் பலர் செய்வதில்லை. தேர்ந்தெடுத்த படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு, போட்டியில் கலந்துகொண்டவர்களின் பெயர்ப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பெயருக்கு எதிரே கோடு போடுங்கள். பதினைந்து இருபது நிமிட வேலை. முடிவில் சில பெயர்களுக்கு எதிரே கோடே இருக்காது. முதல் சுற்றில் ஒதுக்கிய படங்களை அழிக்கக் கூடாது, குறி மட்டும் இட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒதுக்கியவற்றை மட்டும் வடிகட்டி, அம்பு விசையில் விரலை வைத்து மறுபடி ஒரு முறை ஓடுங்கள். கோடு இல்லாத பெயர்களில் பாதி அங்கே கிடைத்துவிடும். குண்டு எறிந்த அந்த மாணவியும் இருப்பாள், 870ஆவது படத்தில், கை சற்றே மங்கலாக. அந்தப் படத்தை ஆண்டிதழில் போடுங்கள்.